மூன்று வாசல் வீடும் நான் நிமிர்த்திய வடக்கும்

எங்கள் கரையில் ஆண்களுக்கு வீடு கிடையாது. பிறப்பது உம்மாவின் வீட்டில். கல்யாணம் முடித்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது பெண்சாதியின் வீட்டுக்கு. மகளுக்கு மாப்பிள்ளை வந்ததும் அந்த வீடும் மகளுடையதாகிவிடும். நாங்கள் பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவோம் (அந்தப் பின்வளவும் அவளுடையதுதான்). இடைப்பட்ட காலத்தில் ஓர் ஆணுக்கு அந்த வீட்டில் இருக்கும் முழு அதிகாரமும் கூரையில் ஏறி ஓடு மாற்றுவதுதான். கீழே இருந்து நாலு பேர், எந்த ஓடு என்று கைகாட்டுவார்கள்.

எனக்கு இதில் முறைப்பாடு ஏதும் இருக்கவில்லை, கடல் வந்து என் மனைவி ஹசீனாவின் சீதன வீட்டை எடுத்துக்கொண்டு போகும் வரை.

அன்று காலை நானும் ஹசீனாவும் எங்கள் சின்ன மகளும், ஹசீனாவுக்கு மூத்தவரான ராத்தாவின் வீட்டில், கல்முனையில் கடலுக்குத் தூரமாக, இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு இருந்த இடத்தில் குசினிப் படி மட்டும் மிஞ்சியிருந்தது. ஹசீனா அதில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்பி வந்தாள். கரையில் இனி வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கமும் எல்லை போட்டுவிட்டது. ஆக, இடியப்பம் சாப்பிடப் போன வீட்டிலேயே நாங்கள் தங்கிவிட்டோம். இரண்டாவது நோன்பும் அங்கேயே வந்தது.

ராத்தா தங்கமான மனுஷி. அவருடைய கணவர், அதாவது என் சகலன், ரசீது ஹாஜியாரும் நல்லவர்தான். ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். ஆனால் அவருடைய நல்ல மனதுக்குச் சத்தம் அதிகம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும், "வெக்கப்படாமத் தின்னுங்க சகல, உங்கட ஊடு மாதிரி நெனச்சிக்கங்க!" என்பார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அது எங்கள் வீடு இல்லை என்பது தெருமுனை வரைக்கும் தெளிவாகக் கேட்கும்.

ஹசீனாவுக்குக் குசினிதான் கஷ்டம். ஒவ்வொரு நாளும், "ராத்தா, இந்தச் சட்டிய எடுக்கவா?" என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"எனக்கு ஒரு கதவு வேணும். நான் தொறந்தாத் தொறக்கணும், நான் பூட்டினாப் பூட்டணும். வயல விப்பம்."

அவளுடைய பங்குக்கு வந்த வயல் அது. எங்கள் வீட்டுச் சோறு அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதை விற்று, உள்ளே தள்ளி ஒரு பழைய வீடு வாங்கினோம். ஒரே கூரை, மூன்று வாசல். நடு வாசலில் நாங்கள் இருப்பது, இரண்டு பக்க வாசல்களையும் வாடகைக்கு விடுவது என்று திட்டம். வயல் தந்த சோற்றை இனி வாடகை தர வேண்டும். குடிவர ஆள் கிடைக்காவிட்டால் மறுபடியும் ராத்தாவின் சட்டிதான்.

வீட்டு உறுதிப் பத்திரம் ஹசீனாவின் பெயரில் எழுதப்பட்டது. அதைச் சொல்லவே தேவையில்லை. ஆனால் திருத்த வேலை என் பொறுப்பு என்று நானே முன்வந்து அறிவித்தேன். நான் பூமிசாஸ்திர ஆசிரியர். பத்தாம் வகுப்புக்குத் தேசப்படம் வாசிக்கப் படிப்பிப்பவன். கண்ட கண்ட நூலெல்லாம் வாசிக்கிறவன். வீடு வாங்கி வாடகைக்கு விடுவது பற்றியும் ஏதோ ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் பாதியை வாசித்திருந்தேன். குடியிருப்பவர்களுக்குத் தனிமை முக்கியம், ஆளுக்கொரு குளியலறை வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த வீட்டிலோ பின்வளவில் மூன்று வாசலுக்கும் பொதுவாக ஒரேயொரு கக்கூசுதான். நான் செய்த முதல் வேலை, அதை இடித்துத் தள்ளியது. (புத்தகத்தின் மற்றப் பாதியில் அவசரப்பட வேண்டாம் என்று இருந்திருக்கலாம்.)

பிறகு, மூன்று வாசலுக்கும் சேர்த்தாற்போல் மூன்று குளியலறைகள் கட்ட நானே பிளான் கீறினேன். அதற்கு நில அளவையாளரின் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனுஷன் வடக்கு அம்புக்குறியைப் படுக்கப் போட்டிருந்தார்! தாளின் வலப் பக்கமாக, களைத்துப்போனவன் மாதிரி, அது கிடந்தது. நீளமான வளவைத் தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தைத் திருப்பிக் கீறியிருக்கிறார் என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் பார்த்த தேசப்படமெல்லாம் வடக்கை மேலே வைத்துத்தான் தொங்கும். ஆகவே புதிய தாளில், ஓர் ஆசிரியன் பிழை திருத்தும் கருணையோடு, அந்த அம்பை நேராக நிமிர்த்திவிட்டேன்.

திசைகாட்டி வைத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பாடசாலையில் ஒன்று இருந்தது. ஆனால் அது யுத்த காலம். கையில் அளவு நாடா, பையில் வீட்டுப் படம், அதோடு ஒரு திசைகாட்டியும் வைத்துக்கொண்டு இராணுவச் செக் பொயின்றைக் கடக்கும் ஒரு மனிதனுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கக்கூசு கட்டத்தான் என்று சொன்னால் நம்புவார்களா? திசைகாட்டியைப் பாடசாலை அலுமாரியிலேயே விட்டுவிட்டேன்.

மேசன் கதிரேசன் விநாயகபுரத்து ஆள். என் பிளானைப் பார்த்து, "சோக்கா இருக்கு சேர், படம் மாதிரி!" என்றார். படம்தான் என்று விளக்கினேன். அவர் அதில் உள்ளதை ஓர் அங்குலமும் பிசகாமல் கட்டினார்.

ஹசீனாவை அந்தப் பக்கம் வரவே நான் விடவில்லை. அவளுக்குச் சீமெந்துத் தூசி பட்டால் மூச்சு இழுக்கும். அதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் முடித்து, இரண்டு பக்கமும் ஆட்களைக் குடியேற்றி, ராணியை அழைத்துவருவது போல் அவளை அழைத்துவர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ரசீது ஹாஜியாரும் அப்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் (இதுதான் ஆசையின் பெரிய பகுதி).

வேலை நடக்கும்போது ஒரு சின்ன விசயம் கண்ணில் பட்டது. காலைச் சூரியன் குசினி ஜன்னலால் உள்ளே வந்தது. என் பிளான்படி குசினி இருப்பது தெற்கில். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் பயந்திருப்பான். எனக்குத்தான் பூமிசாஸ்திரம் தெரியுமே! மார்கழி மாதத்தில் சூரியன் தென்பக்கம் சாய்ந்து உதிப்பது இயற்கை என்று எனக்கு நானே ஒரு பாடம் நடத்தி, சந்தோசமாக வீட்டுக்குப் போனேன்.

வெள்ளையடித்து முடிந்ததும் வீட்டுத் தரகர் அலியார் ஆட்களைக் கூட்டிவரத் தொடங்கினார். முதலில் வந்தது ஒரு வங்கி எழுதுவினைஞரும் மனைவியும். அறைகள் பிடித்தன, கிணறு பிடித்தது, குசினியில் பலகைத் தட்டு அடித்திருந்ததைப் பார்த்து அந்தப் பிள்ளை சிரித்தும் விட்டது. கடைசியாகக் குளியலறைக்குள் போனது. வெளியே வந்தபோது சிரிப்பு இல்லை. கணவனின் காதில் ஏதோ சொன்னது. அவர் உள்ளே போனார். அவரும் அதே முகத்தோடு வந்தார்.

"இன்ஷா அல்லாஹ், சொல்லி அனுப்புறம் சேர்."

எங்கள் ஊரில் இந்த வசனத்தைக் கேட்டால் ஆள் திரும்பி வரமாட்டான் என்று அர்த்தம்.

மணம் ஏதோ இருக்கிறது என்று முடிவெடுத்தேன். பினைல் ஊற்றினேன். பூச்சி உருண்டை போட்டேன். அடுத்ததாக ஒரு மௌலவி வந்தார், மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர், மென்மையான மனிதர். அஸர் நேரமாகிவிட்டது. அங்கேயே தொழுதுவிடலாம் என்று பாயை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"கிப்லா எந்தப் பக்கம் சேர்?"

நாங்கள் தொழுவது மேற்கு பார்த்து. நான் பிளானில் மேற்கு இருந்த பக்கத்தைக் கையால் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். ஜன்னலால் விழுந்துகொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். பிறகு முழுசாக வலப் பக்கம் திரும்பித் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார். ஓதிப் படித்த மனிதர், ஏதோ நுட்பமான கணக்கு இருக்கும் என்று மரியாதையோடு விலகி நின்றேன். (நான் அந்த வீட்டில் ஒரு வக்தும் தொழுததில்லை. பாங்கு சொன்னதும் பள்ளிக்கு நழுவிவிடுவேன். நின்றால் கதிரேசன் சீமெந்து மூட்டைக்குக் கை கேட்பார்.) தொழுகை முடித்து மௌலவி குளியலறையை எட்டிப் பார்த்தார். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வாசல் வரை வந்து என் கையைப் பிடித்து, நீண்ட நேரம் விடாமல், "அல்லாஹ் உங்களுக்கு லேசாக்கித் தரட்டும்" என்று துஆச் செய்துவிட்டுப் போனார். பினைலைக் கூட்டினேன்.

பிறகு ஒரு வயதான உம்மா, விதவையான மகளோடு வந்தார். சாய்ந்தமருதில் கரையோர வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். குளியலறைக்குள் போன உம்மா, கக்கூசுப் பீங்கானுக்கு நேரே நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மனே, கடல் எந்தப் பக்கம்?"

எனக்கு மனம் இளகிப்போனது. பாவம், அலைக்குப் பயப்படுகிறார். "பயப்படாதீங்க உம்மா. கடல் அங்க, தூரத்துல இரிக்கி. தண்ணி இஞ்ச வராது" என்று பிளானின் கிழக்கை, அதாவது வடக்கே இருக்கும் பெரியநீலாவணைப் பக்கத்தை, நீட்டிக் காட்டினேன். கடல் இரைச்சல் என் விரலுக்கு வலப் பக்கமாக இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. உம்மா இரைச்சலைக் கேட்டார். என் விரலைப் பார்த்தார்.

"நீங்க எந்தூரு மனே?"

"இந்த ஊர்தான் உம்மா. பொறந்ததும் இஞ்சதான்."

"ஆ," என்றார் உம்மா. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

இப்படியே வந்தவர்கள் எல்லோரும் அந்த அறைக்குள் போய் முகம் மாறி வந்தார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. படித்த மனிதர், வாத்தியார், முகத்துக்கு நேரே சொல்லி வெட்கப்படுத்தக்கூடாது என்று ஊரே சேர்ந்து என்னைக் காப்பாற்றியது. தரகர் அலியார்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"சேர், ஊருக்க ஒரு கதை அடிபடுது. உங்கட கக்கூசுக்க ஜின் இரிக்காம்."

"ஜின்னா?"

"ஓம். போற ஆக்களெல்லாம் மொகம் கறுத்து வாறாங்களே! ஒரு பாத்திஹா ஓதிப்போடுங்க. சோறும் ஆக்குங்க, ஆக்கள் வருவாங்க."

ஜின் கதையில் நான் நம்பிக்கை வைக்கவில்லை. ஆனால் சோற்றுக்கு ஆட்கள் வருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நாள் குறித்தோம். ராத்தா குடும்பம், பள்ளிவாசல் மரைக்கார், அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் சொன்னேன். ஓதுவதற்கு அந்த மௌலவியையே அழைத்தேன். ஹசீனா அன்றுதான் முதல் முதலாக வேலை முடிந்த வீட்டுக்குள் காலடி வைத்தாள். நடு வாசலின் கதவைத் திறந்தாள், பூட்டினாள், மறுபடி திறந்தாள். என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணம் முடித்த காலத்துப் பார்வை. அது ஏறத்தாழப் பத்து நிமிடம் நீடித்தது.

மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி அவள் கைகால் கழுவி வுழூச் செய்யக் குளியலறைக்குள் போனாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கும் என்று பார்த்தால் கேட்கவில்லை. பிறகு உள்ளே இருந்து குரல் வந்தது.

"இஞ்ச வாங்க."

கல்யாணம் முடித்தவர்களுக்கு இந்த இரண்டு சொற்களின் எடை தெரியும். போனேன்.

"இந்தப் பீங்கான் எந்தப் பக்கம் பாக்குது?"

"வடக்க."

"ஆரு சொன்ன?"

"பிளான்ல இரிக்கி."

ஹசீனா என்னை விட்டுவிட்டு வெளியே எட்டி, "மச்சான், இஞ்ச ஒருக்கா வாங்க" என்று ரசீது ஹாஜியாரைக் கூப்பிட்டாள். ஹாஜியார் வந்தார். அவருக்குப் பின்னால் மரைக்கார் வந்தார். மரைக்காருக்குப் பின்னால், ஜின்னைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, ஊரே வந்தது. ஹாஜியாரின் கடைப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையில் அவர் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் வாங்கிய சின்னத் திசைகாட்டி ஒன்று தொங்கியது. அதை உள்ளங்கையில் வைத்துப் பீங்கானுக்கு மேல் குனிந்தார். அந்தச் சின்ன அறைக்குள் நின்ற அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து குனிந்தார்கள்.

"சகல," என்றார் ஹாஜியார் மெதுவாக. வாழ்க்கையில் அவர் மெதுவாகப் பேசியது அந்த ஒரு முறைதான். "இது கிப்லாவயல்லவா பாக்குது."

கக்கூசில் இருக்கும்போது கிப்லாவுக்கு முகமும் காட்டக்கூடாது, முதுகும் காட்டக்கூடாது. எங்கள் வீடுகளில் பிள்ளை காற்சட்டை போடப் பழக முந்தியே பழகும் ஒழுக்கம் இது. தொழுவது மேற்கே என்பதால் எங்கள் ஊர்க் கக்கூசெல்லாம் வடக்குத் தெற்காகத்தான் இருக்கும். நான் ஒன்றல்ல, மூன்றை, வரிசையாக, மேற்கே பார்க்க வைத்திருக்கிறேன்.

அந்த இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் நான் படித்தவன்.

"கொங்கிறீற்றுக்குள்ள இரும்புக் கம்பி இரிக்கி" என்றேன் கம்பீரமாக. "கம்பி காந்த ஊசிய இழுக்கும். இது விஞ்ஞானம். இந்தத் திசைகாட்டிய இஞ்ச நம்ப ஏலாது."

கூட்டத்தில் இரண்டொருவர் தலையாட்டினார்கள். எனக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து, பீங்கானுக்கு நேரெதிரே சுவரில் இருந்த காற்றுக் கல்லின் ஓட்டைகளால், மறையப் போகும் சூரியன் செக்கச் செவேலென்று உள்ளே வந்தது. மரைக்காரின் வெள்ளைத் தாடி சிவந்தது. எல்லோர் முகமும் சிவந்தது.

"சகல," என்றார் ஹாஜியார், தன் வழக்கமான குரலுக்குத் திரும்பி. "சூரியனுக்குள்ளயும் கம்பி இரிக்கா?"

சிரிப்பு அடங்குவதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். மௌலவி தலையைக் குனிந்தபடி, "நான் அண்டைக்கே கண்டன். ஒரு ஆளுட குறைய எப்பிடி நேர சொல்லுற..." என்று இழுத்தார். "இதச் சொல்லாம வேற எதச் சொல்லுற மௌலவி!" என்று பின்னால் இருந்து ஒரு பெண்குரல் வந்தது. பாத்திஹா ஓதவில்லை. ஆனால் சோறு மட்டும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

எல்லோரும் போன பிறகு ராத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வா ஹசீனா, போவம். பிறகு பாப்பம்" என்றார். ஹசீனா நடு வாசலின் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"நான் வரல்ல ராத்தா."

"கக்கூசில்லாம எப்பிடி புள்ள இரிக்கிற?"

"பக்கத்து ஊட்டுல கேப்பன். என்ட கதவு இது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டினாள். "நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். நாளைக்குக் கதிரேசன வரச் சொல்லுங்க. அந்தப் பிளான என்னிட்டத் தாங்க."

கொடுத்தேன். அடுத்த நாள் அதில் அடுப்பு மூட்டினாள்.

கதிரேசன் அலவாங்கோடு வந்தார். விசயத்தைக் கேட்டு அவருக்கும் கவலைதான். "எங்கட ஆக்களுக்கு இந்தப் பிரச்சினை இல்ல சேர். நாங்க குசினிக்குத்தான் சாத்திரம் பாக்கிற" என்றார். பீங்கானைப் பெயர்த்து உண்மையான வடக்கே திருப்பி வைத்துப் பார்த்தோம். அறை ஒடுக்கம். உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் முட்டும். ரசீது ஹாஜியார் முன்வந்தார். "என்னவிட மொத்தமான ஒரு வாடகைக்காரன் இந்த ஊருக்கு வரப்போறதில்ல, நான் இருந்து காட்டுறன்" என்று சாரனைச் சரிசெய்து, முழு உடுப்போடு, வெறும் நிலத்தில் குந்தினார். கதிரேசனும் ஹசீனாவும் வாசலில் நின்று, "கொஞ்சம் இடக்கைப் பக்கம் மச்சான்", "இன்னும் கொஞ்சம் ஹாஜியார்" என்று அவரைத் திருப்பினார்கள். ஹாஜியாரின் முழங்கால் எங்கேயும் முட்டாத ஒரேயொரு கோணம் கிடைத்தது. அது மூலைக்கு மூலை, வடகிழக்கு. கதிரேசன் கரிக்கட்டியால் கோடு போட்டார். மூன்று அறையிலும் பீங்கான் குறுக்காகப் பதிக்கப்பட்டது. பள்ளியில் கேட்டோம். தாராளமாகப் போதும் என்றார்கள்.

அது முடியும் வரை நாங்கள் வாளியும் கையுமாகப் பக்கத்து வீட்டு வேலியால் போய் வந்தோம். ஒருநாள் அதிகாலை வேலிக்கு அந்தப் பக்கம் என் வகுப்பு மாணவி ஒருத்தி, "குட் மோர்னிங் சேர்" என்றாள். வாளியைக் கீழே வைக்கவும் முடியாமல், தூக்கிக்கொண்டு நிற்கவும் முடியாமல், பதில் வணக்கம் சொன்னேன்.

ஹாஜியார் கதையைத் தன் கடையில் ஆணி வாங்க வந்தவனுக்கும் சொன்னார், பெயின்ற் வாங்க வந்தவனுக்கும் சொன்னார். சாய்ந்தமருதில் இருந்தும் மருதமுனையில் இருந்தும் ஆட்கள் எங்கள் கக்கூசைப் பார்க்க வந்தார்கள். ஹசீனா வாசலில் நின்று, பார்க்கிறவர்களை நன்றாகப் பார்க்கவிட்டு, "ரெண்டு வாசல் வாடகைக்கும் இரிக்கி" என்று மெதுவாகச் சொல்வாள். அப்படிச் சிரிக்க வந்தவர்களில் இரண்டு குடும்பங்கள் தங்கிவிட்டன. வயல் தந்த சோறு வாடகையில் வரத் தொடங்கியது. ஆட்களைத் தெரிந்தெடுத்ததும் அவள்தான், விதிகளைச் சொன்னதும் அவள்தான். நான் கூரையில் ஏறி ஓடு மாற்றினேன்.

யுத்தம் முடிந்தது. செக் பொயின்றுகளைக் கழற்றினார்கள். அந்த வீட்டுக்கு வந்தபோது பல் விழுந்துகொண்டிருந்த எங்கள் மகளுக்குக் கல்யாணமும் வந்தது. வழக்கப்படி நடு வாசல் அவளுக்குப் போக, நானும் ஹசீனாவும் பின்வளவுக்கு இறங்கினோம். மருமகன் பொறியியலாளர், அடக்கமான பிள்ளை. கல்யாணத்துக்கு மறுநாள் காலை எல்லோரும் பசியாற உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை குளியலறைக்குள் போனார். ஹசீனா கையில் எடுத்த இடியப்பத்தைத் தட்டிலேயே வைத்தாள். மகள் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நான் எழும்பிப் போய்ப் பூங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன்.

அவர் தலையைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்த்தபடியே வெளியே வந்தார். வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"மாமி, இந்த ஊட்டுக்குப் பிளான் கீறினது ஆரு?"

ஹசீனா தட்டில் வைத்த இடியப்பத்தை மறுபடி கையில் எடுத்தாள். அவள் பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. இடப் பக்கத்து வாடகைக்காரரும் வலப் பக்கத்து வாடகைக்காரரும், மெல்லிய சுவர்களுக்கு அந்தப் பக்கம் இருந்து, ஒரே நேரத்தில் குரல் கொடுத்தார்கள்:

"வேற ஆரு? சேர்தான்!"